அடர்வனமும் சாலையோர நிழலும்

சென்னையில் மரம் வளர்க்க இடம் போதாததற்கு மியாவாக்கி அடர்வனங்களே தீர்வு என்னும் கட்டுரையின் முடிவை என்னால் பாதியளவே ஏற்க முடிகிறது. ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கி வகுத்த இம்முறையில் ஒரு சதுர மீட்டருக்கு 3 அல்லது 4 கன்றுகள் நெருக்கி நடப்படுவதால், அவை வெளிச்சத்துக்குப் போட்டியிட்டு விரைந்து உயர்கின்றன என்பது உண்மையே; ஆனால் வேலியிட்ட அந்தத் தோப்பு, நடைபாதையில் பூ விற்பவருக்கோ பேருந்துக்குக் காத்திருப்பவருக்கோ நிழல் தருவதில்லை. 2016 டிசம்பரில் வர்தா புயலின்போது சாலையோரத் தூங்குமூஞ்சியும் குல்மோகரும் சாய்ந்ததற்கு, அவை அயல்நாட்டு மரங்கள் என்பதை மட்டும் காரணமாகச் சொல்லிவிட முடியாது. அடிமரம்வரை சிமென்ட் பூசி, வடிகாலுக்கும் கேபிளுக்கும் வேரை வெட்டினால் வேம்பும்தான் விழும் (எங்கள் தெருவில் விழுந்தது). சோழமண்டலக் கடற்கரையின் உலர் பசுமைமாறாக் காடுகளுக்கு உரிய பாலை, வீரை, மகிழம் போன்ற மரங்களைச் சாலையோரத்திலேயே, வேர் பரவத் திறந்த மண் விட்டு நடுவதற்கு எவ்வளவு அகலம் ஒதுக்கப்படும் என்பதையும் கட்டுரையாளர் விசாரித்து எழுதியிருக்கலாம்.