சுவத்துக்கு அந்தப்பக்கம் ஸ்கூல், போக 2 கிலோமீட்டர்

எங்க பால்கனில நின்னா ஸ்கூல் பெல் சத்தம் கேக்கும், பிள்ளைங்க லைன்ல நிக்கிறது கூட தெரியும். ஆனா அங்க போகணும்னா மெயின் கேட் வழியா வெளிய போயி, யூ டர்ன் போட்டு, சுத்திக்கிட்டு 2 கிலோமீட்டர். நடுவுல இருக்கறது ஒரே ஒரு காம்பவுண்ட் சுவர், அவ்ளோதான்! அதுல ஆள் நுழையற மாதிரி ஒரு சின்ன கேட் வச்சிருந்தா பிள்ளைங்க தானா நடந்தே போயிருக்கும். இப்ப காலைல எல்லா வீட்டுலருந்தும் ஒரு வண்டி கிளம்புது, எல்லாமே அந்த ஒரே கேட்டுல வந்து முட்டுது.

உடனே ரோட்டை அகலமாக்குங்கன்னு ஆரம்பிச்சிடுறாங்க. அகலமாக்குனா இன்னும் நாலு பேர் வண்டிய எடுத்துட்டு வருவான், கொஞ்ச நாள்ல பழைய கதைதான். புது லேஅவுட்டுக்கு டிராஃபிக் ஸ்டடின்னு ஒண்ணு பண்ணுவாங்க, பீக் ஹவர்ல எத்தனை வண்டி வெளிய வரும், ஜங்ஷன் தாங்குமான்னு கணக்கு போடுவாங்க. அந்த வண்டி எதுக்கு வெளிய வருதுன்னு பெரும்பாலும் யாரும் கேக்கறதில்ல.

நெதர்லாந்துல ஹவுட்டன்னு ஒரு ஊர். சுத்தி ரிங் ரோடு, ஒரு ஏரியாலருந்து பக்கத்து ஏரியாவுக்கு கார்ல போகணும்னா பெரும்பாலும் வெளிய ரிங் ரோட்டுக்கு போயிட்டு தான் உள்ள வரணும். சைக்கிளுக்கும் நடக்கறவனுக்கும் நடுவுலயே நேர் வழி, ஸ்டேஷன் வரைக்கும். காருக்கு தடையெல்லாம் ஒண்ணும் இல்ல, சுத்தணும் அவ்ளோதான். நம்மகிட்ட அதே டிசைன் தலைகீழா இருக்கு, நடக்கறவன் தான் சுத்துறான்.

பஸ் விஷயம் இன்னும் மோசம். வீட்டுலருந்து ஸ்டாப் 400 மீட்டருக்குள்ள, அதாவது 5 நிமிஷ நடையில இருக்கணும்னு பிளானிங்ல சொல்லுவாங்க, சரிதான், ஆனா மேப்ல காம்பஸ் வச்சு வட்டம் போட்டு பாத்தா என் வீடும் அதுக்குள்ள தான் வரும், மனுஷன் என்ன சுவரேறி குதிச்சா போவான்? உள்ள வர்ற ரோடெல்லாம் டெட் எண்டுங்கறதால பஸ் உள்ள வந்தா திரும்பவே எடமில்ல, அதனால வர்றதில்ல. "ஜனங்க குடி வரட்டும், அப்புறம் பஸ் விடலாம்"ங்கறது தான் எனக்கு பத்திக்கிட்டு வர்ற பேச்சு. வீடு மாறுற நேரத்துல தான் மனுஷன் எப்படி போய்வர்றதுன்னு புதுசா முடிவு பண்றான், அப்ப பஸ் இல்லன்னா லோன் போட்டு வண்டி வாங்கிடுவான், வாங்குனதுக்கப்புறம் பஸ் விட்டா காலியா தான் ஓடும், கடைசில ஆள் ஏறலன்னு நிறுத்திடுவாங்க.

சின்ன கேட் வச்சா திருடன் வருவானாம், மீட்டிங்ல சொன்னாங்க. திருடன் ஏதோ கேட்டுல கையெழுத்து போட்டுட்டு வர்ற மாதிரி. அந்த ஒரே கேட்டுல ஒரு லாரி பஞ்சராகி நின்னா ஃபயர் இஞ்சின் எப்படி வரும்னு கேட்டேன், எல்லாரும் போனை பாக்க ஆரம்பிச்சிட்டாங்க.

பக்கத்து காலி எடத்துல அடுத்த ஃபேஸுக்கு பிளான் போர்டு வச்சிருக்காங்க, நேத்து நின்னு பாத்தேன். நீச்சல் குளம், கிளப் ஹவுஸ், வீட்டுக்கு ரெண்டு கார் பார்க்கிங். கேட் ஒண்ணுதான்.