சங்கத்தில் சேர்ந்தால் என்ன கிடைக்கும் என்று கேட்ட தம்பிக்கு

போன வாரம் கடைக்கு வந்த ஒரு தம்பி, "அண்ணா, இத்தன வருஷமா ரோட்டரி சங்கம், சேவைன்னு ஓடுறீங்களே, உங்களுக்கு இன்னா கிடைக்குது?" என்று கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எங்கள் மூத்த உறுப்பினர், "சேவைன்னா எதையும் எதிர்பார்க்கக் கூடாதுப்பா" என்று முடித்துவிட்டார். அவன் தலையை ஆட்டிவிட்டு பல்பை வாங்கிக்கொண்டு போய்விட்டான். ராத்திரி வரைக்கும் எனக்கு மனசு ஆறவில்லை. அவன் கேட்டது நியாயமான கேள்வி. நேரத்தையும் காசையும் கொடுக்கச் சொல்கிறோம், என்ன கிடைக்கும் என்று கேட்க அவனுக்கு உரிமை இருக்கிறது. எனக்குக் கிடைத்ததை இங்கே எழுதுகிறேன், அவனும் என் நட்புப் பட்டியலில் இருக்கிறான், படிக்கட்டும்.

காட்பாடியில் எனக்கு எலக்ட்ரிக்கல் கடை. சங்கத்தில் சேர்ந்து 14 வருஷம் ஆகிறது. மொத்த வியாபாரி ஒருத்தர், நாலு பேர் பழக்கம் ஆவாங்க, கடைக்கு நல்லது என்றார், அதனால்தான் சேர்ந்தேன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே இல்லை. ரோட்டரி ஆரம்பித்த கதையே அப்படித்தானே. 1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வக்கீல், ஒரு நிலக்கரி வியாபாரி, ஒரு சுரங்கப் பொறியாளர், ஒரு தையல்காரர் என நாலு பேர் கூடினார்கள். ஹாரிஸ் சின்ன ஊரில் தாத்தா பாட்டியிடம் வளர்ந்தவர். அவ்வளவு பெரிய ஊரில் மனசு விட்டுப் பேச ஆள் இல்லாமல் தவித்தவர். ஒவ்வொரு வாரமும் ஒவ்வொருத்தர் அலுவலகத்தில் மாற்றி மாற்றிக் கூடினதால்தான், சுழன்று வருவது என்ற அர்த்தத்தில் ரோட்டரி என்ற பெயரே வந்தது. முதலில் சிநேகம், தொழில் பழக்கம். ஊருக்குப் பொதுக் கழிப்பறை கட்ட வேண்டும் என்று அவர்கள் இறங்கியதெல்லாம் அதற்கு அப்புறம்தான். ஆக, தனக்கு ஒன்று வேண்டும் என்று வருகிறவனைத் தள்ளி நிறுத்த நமக்கு என்ன இருக்கிறது?

சேர்ந்த முதல் வருஷம் அணைக்கட்டு என்கிற ஊர்ப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் கண் முகாம். கூட்டத்தை வரிசையில் நிறுத்துவது என் வேலை. பார்வை பார்த்து, பிரஷர், சுகர் பார்த்து, கண்புரை இருக்கிறவர்களில் ஆபரேஷனுக்குத் தோதானவர்களை மட்டும் அன்றைக்கு மத்தியானமே வேனில் ஏற்றி வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வரவேண்டும். ஒரு பாட்டி வேனில் ஏற மாட்டேன் என்று பள்ளிக்கூடத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றது. கண்ணைத் தோண்டி எடுத்துவிடுவார்கள் என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பேசி, வேனிலும் கூடவே உட்கார்ந்து வந்தேன். மறுநாள் காலையில் கட்டுப் பிரித்ததும் ஆஸ்பத்திரி வராந்தாவில் என் குரலைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தது. கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "இன்னா நைனா, நீ இவ்ளோ சின்னப் பையனா? கொரல வெச்சி பெரிய ஆளுன்னு நெனச்சேன்" என்று என் தாடையைப் பிடித்துக் கேட்டது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் அதையே நாலு தடவை சொன்னேன். வியாபாரத்தில் எவ்வளவோ நல்ல நாள் பார்த்திருக்கிறேன், ஒரு நாளும் அப்படி வீடு திரும்பினதில்லை.

அப்புறம் ரத்தம். நம்ம ஊரைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. வேலூர் சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) ஆஸ்பத்திரியைச் சுற்றி இருக்கிற தெருக்களில் வங்காள மொழியில் எழுதின போர்டு தொங்கும், வங்காளத்திலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் ரயிலேறி வந்து மாசக்கணக்கில் லாட்ஜில் தங்கி வைத்தியம் பார்க்கிறார்கள். ரத்தம் கொடுக்க அவர்களுக்கு இங்கே சொந்தம் எங்கே இருக்கிறது? எங்கள் சங்கத்துக் கொடையாளர் பட்டியல் என் போனில் இருப்பதால் ராத்திரி பதினோரு மணிக்கும் கூப்பிடுவார்கள். ரத்தம் உறைய உதவுகிற பிளேட்லெட் அணுக்களை எடுத்து வைத்தால் அஞ்சு நாள்தான் தாங்கும், அதனால் ஆள் அப்போதைக்கு அப்போது வந்தாக வேண்டும். மேற்கு வங்கத்து மால்டாவிலிருந்து வந்த ஒருத்தருக்காக ஒரு பையனை பைக்கில் கூட்டிக்கொண்டு போனேன். ரத்தத்திலிருந்து பிளேட்லெட்டை மட்டும் பிரித்து எடுக்கிற மெஷினில் ரொம்ப நேரம் ஓடுகிறது. வெளியே பெஞ்சில் அந்த மால்டாக்காரர் எனக்குப் பக்கத்தில், அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு வங்காளம் தெரியாது, இரண்டு பேரும் டீ குடித்தோம். இப்போதும் துர்கா பூஜை சமயத்தில் அவரிடமிருந்து போன் வரும். என்ன பேசுகிறார் என்று பாதி புரியாது, ஆனால் அந்தப் போனுக்காக நான் காத்திருப்பேன்.

போலியோ சொட்டு மருந்து நாளில் சங்கத்தின் சார்பில் காலையிலேயே ஐஸ் பெட்டியோடு ரயில் நிலைய வாசலில் நின்றிருக்கிறேன். 2014 மார்ச் 27 அன்று உலக சுகாதார நிறுவனம் நம்ம நாடு உட்பட தென்கிழக்கு ஆசியாவில் போலியோ இல்லை என்று சான்று கொடுத்தபோது, அதில் எனக்கும் ஒரு துளி பங்கு உண்டு என்று நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

பேசக் கற்றுக்கொண்டதும் சங்கத்தில்தான். செயலராக மினிட்ஸ் வாசிக்க எழுந்த முதல் நாள் பேப்பர் கையில் நிற்கவில்லை. இப்போது கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுப்பதானாலும் பள்ளிக்கூட விழாவில் பேசுவதானாலும் தயக்கமில்லாமல் போகிறேன்.

எல்லாவற்றையும் விடப் பெரியது ஒன்று இருக்கிறது. 2019-இல் அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், பதினோரு நாள். கடையை மூடிவிட்டேன். இரண்டாம் நாள் எங்கள் சங்கத்து ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் வந்து சாவியைக் கேட்டார். எலக்ட்ரிக்கல் சாமான் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது, கடைப் பையனை வைத்துக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்துவிட்டார். காரியமெல்லாம் முடிந்து நான் கடைக்கு வந்தபோது ஒரு நாற்பது பக்க நோட்டை என் கையில் கொடுத்தார். தேதி வாரியாக, முத்து முத்தான கையெழுத்தில், "ஹோல்டர் 2, இன்சுலேஷன் டேப் 1, சில்லறை பாக்கி ரூபாய் 3, பச்சைச் சட்டை போட்டவருக்குத் தரவேண்டும்" என்று வரிக்கு வரி எழுதியிருந்தார். அந்த நோட்டு இன்னும் கல்லாவுக்குள்தான் இருக்கிறது. எங்கள் இரண்டு பேருக்கும் சாதி, தொழில், வயசு எதிலும் சம்பந்தம் கிடையாது. வாரா வாரம் ஒரே மேசையில் உட்கார்ந்திருக்காவிட்டால் அவர் யாரோ, நான் யாரோ.

குறை இல்லை என்று சொல்ல மாட்டேன். போட்டோ எடுத்ததும் கிளம்பிப் போகிறவர்கள் உண்டு. பதவியேற்பு விழாவுக்கும் பிளெக்ஸுக்கும் போகிற காசை வைத்து இன்னொரு முகாமே நடத்தலாம், இதை நான் கூட்டத்திலேயே எழுந்து சொல்லியிருக்கிறேன், இனியும் சொல்வேன். ஆனால் அதைக் காட்டி, இந்தச் சங்கங்களே வேஷம் என்று சொல்கிறவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களோடு வேனில் வந்து பார்க்கட்டும்.

தம்பியை நேற்று மறுபடி பார்த்தேன், இதில் பாதியைச் சொன்னேன். சந்தா எவ்வளவு என்று கேட்டான், சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் அண்ணா என்றான். சரி, கேட்டுட்டு வா.