நிறுத்தி வைத்த படம் சாட்சி ஆகாது

போன மாதம் உறவினர் வீட்டுத் திருமணப் பந்தியில், இலையில் சாம்பார் விழுந்துகொண்டிருந்த நேரத்தில், என் சித்தப்பா மகன் கைப்பேசியை எடுத்து, 2022 கால்பந்து உலகக் கோப்பையில் ஸ்பெயினுக்கு எதிராக ஜப்பான் அடித்த கோலுக்கு முன்பே பந்து வெளியே போய்விட்டது என்று காட்ட, அந்த டிசம்பரிலிருந்து அவன் அழிக்காமல் வைத்திருக்கும் அதே படத்தை என் கண்ணுக்கு நேரே நீட்டினான். “கோட்டுக்கும் பந்துக்கும் நடுவுல புல்லு தெரியுது, இதைப் போய் உள்ளன்னு சொல்றீங்களேண்ணா” என்றான். பக்கத்து இலையில் இருந்தவர் எட்டிப் பார்த்துவிட்டு, வெளியேதான் என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார். அவர் அந்த ஆட்டத்தைப் பார்த்தவரல்லர். பந்து எப்போது வெளியே போனதாகக் கணக்கு என்ற விதியும் அவருக்குத் தெரியாது. எனக்கு அதற்குமேல் சோறு இறங்கவில்லை. இத்தனை காலம் மனத்துக்குள் வைத்துப் புழுங்கியதை இன்று கொட்டித் தீர்க்கிறேன்.

அந்த ஆட்டம் கத்தாரின் கலீஃபா மைதானத்தில் டிசம்பர் 1ஆம் தேதி இரவு ஜப்பானும் ஸ்பெயினும் மோதிய உலகக் கோப்பைப் பிரிவு ஆட்டம். நமக்கு நள்ளிரவு பன்னிரண்டரைக்குத் தொடங்கியது. இடைவேளையில் 1-0 எனப் பின்தங்கியிருந்த ஜப்பானுக்கு 48ஆவது நிமிடத்தில் ரிட்சு டோவான் சமன் செய்தார். மூன்று நிமிடம் கழித்து, மைதானத்தின் எல்லையான கோல் கோட்டைத் தாண்டி, கம்பத்துக்குப் பக்கவாட்டில் வெளியே போய்விட்டதாகவே எல்லோரும் நினைத்த பந்தை, கவோரு மிதோமா சறுக்கிக்கொண்டு போய் உள்ளே திருப்பிவிட, ஆவோ தனாகா அதை வலைக்குள் தள்ளினார். பந்து வெளியே போய்விட்டது என்று முதலில் கோல் மறுக்கப்பட்டது. பதிவான காட்சிகளைத் திரையில் பார்த்துத் தீர்ப்பைச் சரிபார்க்கும் காணொளி நடுவர்கள் பார்த்த பிறகு கோல் என்று தீர்ப்பானது. ஜப்பான் 2-1 என வென்றது. அதே நேரத்தில் அதே பிரிவின் இன்னோர் ஆட்டத்தில் கோஸ்டா ரிக்காவை 4-2 என்று தோற்கடித்தும் ஜெர்மனி வீட்டுக்குப் போனது. ஜப்பான் ஆட்டம் 1-1 என முடிந்திருந்தால் கோல் வித்தியாசத்தில் ஜெர்மனி அடுத்த சுற்றுக்குப் போயிருக்கும். என் தம்பி சிறுவயதிலிருந்தே ஜெர்மனி ரசிகன். அவன் வலி எனக்குப் புரிகிறது. ஆனால் வலிக்கிறது என்பதற்காகப் பந்து இடம் மாறிவிடாது.

விதி ஒரே ஒரு வாக்கியம்தான். பந்து முழுவதும், தரையிலோ காற்றிலோ, கோட்டை முழுமையாகக் கடந்தால்தான் அது வெளியே. பந்து தரையைத் தொடும் இடத்தைப் பற்றி விதி ஒன்றுமே சொல்லவில்லை. பந்தின் சுற்றளவு 68 முதல் 70 செ.மீ.; அப்படியென்றால் குறுக்களவு ஏறத்தாழ 22 செ.மீ. அது தரையைத் தொடும் புள்ளி, கோட்டின் வெளி விளிம்பிலிருந்து 10 செ.மீ. தள்ளி இருந்தாலும், அதன் வயிறு கோட்டுக்கு மேலே நீட்டிக்கொண்டுதான் இருக்கும். அப்போது பக்கவாட்டிலிருந்து பார்த்தால் நடுவில் புல் தெரியத்தான் செய்யும். புல் தெரிவதற்கும் பந்து வெளியே போனதற்கும் தொடர்பே இல்லை என்பதை ஒரு பந்தைக் கையில் எடுத்துப் பார்த்தவர் யாரும் ஒரு நிமிடத்தில் புரிந்துகொள்வார். பந்தைக் கையில் எடுக்காமல் கைப்பேசியை மட்டும் எடுப்பவர்களோடுதான் நான் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது.

அதைவிட எரிச்சல் தருவது, கேமரா எங்கே நின்றது என்று ஒருவரும் கேட்பதில்லை என்பது. மைதானத்தின் உட்புறத்தில் உயரமான இடத்திலிருந்து சாய்வாகப் பார்க்கும் கேமராவுக்கு, தரையிலிருந்து சற்று உயர்ந்திருக்கும் எதுவும் உண்மையான இடத்தைவிடத் தள்ளிப் போனதாகத்தான் தெரியும். பேருந்தில் ஓட்டுநருக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்து வேகமுள்ளைப் பார்த்தால் அது வேறு எண்ணைக் காட்டுவது போலத்தான் இதுவும். கோட்டுக்கு நேராகவோ நேர் மேலேயோ இருக்கும் கேமரா மட்டுமே இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியும். காணொளி நடுவர்கள் கோல் கோட்டுக் கேமராவின் படங்களைத்தான் பார்த்தார்கள். ஏறத்தாழ நேர் மேலேயிருந்து ஒரு செய்தி நிறுவனப் புகைப்படக்காரர் எடுத்த படத்தில், பந்தின் ஓரம் மயிரிழை அளவுக்குக் கோட்டின் மேல் நிற்பது தெளிவாகத் தெரிந்தது. அந்தப் படத்தையும் என் தம்பிக்கு அனுப்பினேன். “இது எடிட் பண்ணினது” என்று ஒரே வரியில் முடித்துவிட்டான்.

இந்த அவநம்பிக்கைக்கு உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவும் ஒரு காரணம் என்பதைச் சொல்லாமல் விட்டால் நான் நியாயமாகப் பேசியவனாக மாட்டேன். அன்றிரவு நேரலையில், கோடிக்கணக்கானவர்கள் கண் விழித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பந்து வெளியே போனது போலத் தோன்றிய கோணங்களையே நாங்கள் திரும்பத் திரும்பப் பார்த்தோம். தீர்ப்புக்கு ஆதாரமான கோணத்தை எங்களுக்குக் காட்டவில்லை. மறுநாள்தான் அந்தக் காட்சிகளை வெளியிட்டு, மற்ற கேமராக்கள் தவறான தோற்றம் தரக்கூடும் என்று விளக்கம் சொன்னார்கள். அதற்குள் ஓர் இரவு முழுவதும் தவறான படம் ஊர் சுற்றி வந்துவிட்டது. பந்துக்குள் உணர்கருவி வைத்து நொடிக்கு 500 முறை தகவல் அனுப்பத் தெரிந்தவர்களுக்கு, ஒரே ஒரு படத்தைத் திரையில் காட்டத் தெரியவில்லையா? 2023 மகளிர் உலகக் கோப்பையில் நடுவரே ஒலிபெருக்கியில் தீர்ப்பை அறிவிக்கும் முறை இருந்தது. அதைச் சில மாதம் முன்பே செய்து, அந்தக் கோணத்தையும் கூடவே காட்டியிருந்தால் பாதிச் சண்டை அன்றே ஓய்ந்திருக்கும்.

மீதிப் பாதி ஓயாது. ஏனென்றால் ரசிகர்கள் விரும்புவது உண்மையை அன்று. மேற்கு ஜெர்மனிக்கு எதிரான 1966 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் இங்கிலாந்தின் ஜெஃப் ஹர்ஸ்ட் அடித்த பந்து மேல்கம்பத்தில் பட்டுக் கீழே விழுந்ததைக் கோல் என்று அறிவித்தார்களே, அந்த அநியாயத்தை என் தம்பி தன் கண்ணாலேயே பார்த்ததைப் போலச் சொல்வான். 2010இல் தென்னாப்பிரிக்காவின் ப்ளூம்ஃபோன்டைனில், இங்கிலாந்தின் ஃபிராங்க் லம்பார்ட் அடித்த பந்து ஜெர்மனியின் கோலுக்குள் நன்றாக உள்ளே விழுந்து வெளியே துள்ளியதையும், அதை நடுவர் கோலாகக் கொடுக்காததையும் பற்றிக் கேட்டால், தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவான். அந்த ஒரு பிழைக்குப் பிறகுதான் 2012இல், பந்து கோட்டைத் தாண்டியதா என்று கருவியே கண்டுசொல்லும் கோல் கோட்டுத் தொழில்நுட்பத்துக்கு அனுமதியே கிடைத்தது. தன் அணிக்கு எதிரான சென்டிமீட்டரை மட்டும் அளப்பவனிடம் எத்தனை கேமரா இருந்து என்ன பயன்? ஸ்பெயின் ரசிகர்களும் இதில் சளைத்தவர்களல்லர். அவர்கள் அணி அன்று தோற்றாலும் அடுத்த சுற்றுக்குப் போய்விட்டதால் அவர்கள் சத்தம் சீக்கிரம் அடங்கியது, அவ்வளவுதான்.

இதே நோய்தான் கையில் பந்து பட்ட சம்பவங்களிலும் வீரர்கள் மோதிக்கொள்ளும் சம்பவங்களிலும் வேறு உருவத்தில் வருகிறது. எங்கே பட்டது என்பதைப் பார்க்க மட்டுமே மெதுவாக ஓட்ட வேண்டும், வேகத்தையும் கடுமையையும் எடைபோட இயல்பான வேகத்தில்தான் பார்க்க வேண்டும் என்று காணொளி நடுவர்களுக்கு நெறிமுறையே இருக்கிறது. நம்மவர்களோ கால் கணுக்காலில் படும் அந்த ஒரு நொடியை நிறுத்திவைத்து, சிவப்பு அட்டை கொடு என்று கத்துகிறார்கள். நிறுத்தி வைத்தால் எந்த மோதலும் கொலைவெறித் தாக்குதலாகத்தான் தெரியும்.

திருமணம் முடிந்த மறு ஞாயிறு தம்பியை வீட்டுக்கு வரச் சொன்னேன். முற்றத்தில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டு, என் பழைய ஐந்தாம் எண் பந்தைக் கோட்டுக்கு வெளியே வைத்தேன். பக்கத்தில் நின்று பார்த்தபோது நடுவில் நான்கு விரல் இடைவெளி தெரிந்தது. “வெளியே” என்றான். ஒரு நூலில் வீட்டுச் சாவியைக் கட்டி, பந்தின் விலாவை ஒட்டினாற்போல் செங்குத்தாகத் தொங்கவிட்டேன். ஆடி ஆடி நின்ற சாவியின் நுனி சுண்ணக்கோட்டின் மேல் இருந்தது. அவன் குனிந்து, நூலை மேலிருந்து கீழே இரண்டு முறை பார்த்தான். நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு நிமிர்ந்து, “பந்து கோட்டு மேலதான்ணா இருக்கு. ஆனா அந்தப் படத்துல அப்படி இல்லையே” என்று சொல்லிவிட்டு, கைப்பேசியைத் திறந்து அதே படத்தை மறுபடியும் பெரிதாக்கிக் காட்டினான்.