எக்ஸுக்கு மட்டும் என்ன தனிச் சலுகை?

இன்றும் ஆய்வக வகுப்பில் இருபது நிமிடம் பாழ். கணக்கு கடினம் என்பதால் அல்ல. ஒய் என்ற ஒற்றை எழுத்தால்.

கணிதம் போடும் மென்பொருளான சேஜ்மேத்தைத் திறந்து எக்ஸ் வர்க்கத்தை வகையிடச் சொன்னேன். எல்லார் திரையிலும் 2எக்ஸ் வந்தது, முகங்கள் மலர்ந்தன. அடுத்தது பகுதி வகைக்கெழு, எக்ஸ் வர்க்கத்தை ஒய்யால் பெருக்கி. அவ்வளவுதான், வரிசை வரிசையாகச் சிவப்பு எழுத்து. ஒய் என்ற பெயருக்கு வரையறை இல்லையாம். முன்வரிசை மாணவி கேட்டாள்: "அப்படியானால் எக்ஸை யார் சார் வரையறுத்தார்கள்?"

நியாயமான கேள்வி. எக்ஸை மட்டும் சேஜ் முன்கூட்டியே குறியீட்டு மாறியாக, அதாவது மதிப்பில்லாமல் வெறும் எழுத்தாகவே கணக்கில் நிற்பதாக, அறிவித்து வைத்திருக்கிறது. மற்ற எழுத்துகளுக்கு நாம்தான் 'வார்' கட்டளை கொடுக்க வேண்டும். அறிவிப்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. அடியில் ஓடுவது பைத்தான் நிரல்மொழி. பெயர் என்றால் அதற்குள் ஏதாவது இருந்தாக வேண்டும். சரி, அந்த விதியை முதல் வரியிலேயே இடறவிட்டுக் கற்றுக்கொடுத்திருக்கலாமே! எழுத்தை அடித்தாலே மாறி என்று நம்பவைத்துவிட்டு அடுத்த வரியில் கழுத்தறுப்பானேன்?

அந்தச் சலுகையாவது நிலைக்கிறதா? ஒரு பையன் சுழற்சி ஒன்றில் எக்ஸை 0 முதல் 9 வரை ஓடவிட்டான். பிறகு (எக்ஸ் + 1) வர்க்கத்தை விரித்தெழுதச் சொன்னான். விடை 100. பிழைச் செய்திகூட இல்லை! எக்ஸ் 9 ஆகிப்போனது தெரியாமல், பாவம், அடைப்புக்குறிகளை எண்ணிக்கொண்டிருந்தான்.

பைத்தானுக்கான கணித நூலகமான சிம்பையில் எக்ஸுக்கும் இலவசம் கிடையாது. அந்த நேர்மையை மெச்சுகிறேன். ஆனால் ஒரு எக்ஸை வெறுமனேயும் இன்னொரு எக்ஸை நேர்ம எண் என்றும் அறிவித்துக் கழித்துப் பாருங்கள். பூஜ்யம் வராது, எக்ஸிலிருந்து எக்ஸ் போனாலும் இரண்டும் அப்படியே நிற்கும். அணிக்கணக்கில் வரும் ஐகன் மதிப்புக்கு வழக்கம்போல் லாம்டா என்று பெயர் வைக்கலாம் என்றால், அந்தச் சொல்லைப் பைத்தான் தனக்கென்று பிடித்துவைத்திருக்கிறது. அதனால் ஆங்கில எழுத்துக்கூட்டலில் 'பி'யை விழுங்கி எழுத வேண்டும். இதை மாணவனுக்கு எந்தப் பாடத்தில் சொல்வது?

இன்னொரு கணித மென்பொருளான மாக்சிமாவில் இந்தத் தொல்லை இல்லை. மதிப்பு கொடுக்காத எந்தப் பெயரும் மாறிதான். எக்ஸின் 'என்' அடுக்கைத் தொகையிடச் சொன்னால் மட்டும், 'என் என்பது −1ஆ?' என்று நிறுத்திக் கேட்கும். வாத்தியார் கேட்க வேண்டிய கேள்வி அது.

நாளைக்குப் பலகையின் முதல் வரியே வார் கட்டளைதான், எக்ஸையும் சேர்த்து. சுழற்சியில் கெட்டுப்போன எக்ஸும் அதில் மாறியாகத் திரும்பிவிடும். "எக்ஸ் ஏற்கெனவே இருக்கிறதே சார்" என்று எவனாவது வாய் திறக்கட்டும், அந்த 100 கதையை அவனுக்கு முதலிலிருந்து சொல்கிறேன்.