சாய்கோடு தெரிந்தால் முதலில் திசையைக் கேளுங்கள்

பாதி மெயில்பாக்ஸ் அலுவலக எக்ஸ்சேஞ்ச் மெயில் சர்வரில், மீதி மைக்ரோசாஃப்ட் 365 கிளவுடில். இந்த ஹைப்ரிட் அமைப்பைப் பார்த்துக்கொள்ளும் அட்மின்களுக்கு அந்தச் சாய்கோடுகள் நன்றாகவே பழக்கம். அவுட்லுக்கில் மீட்டிங் போடப் போனால், எதிரில் இருப்பவருக்கு நேரம் இருக்கிறதா என்று தெரிய வேண்டிய இடத்தில் கோடு கோடாக நிற்கும். தகவல் கிடைக்கவில்லை என்று அதற்கு அர்த்தம். பலர் அதைக் காலி நேரம் என்று நினைத்து அழைப்பை அனுப்பிவிடுகிறார்கள். ஏற்கெனவே வேறு மீட்டிங்கில் இருப்பவர்தான் கடைசியில் திண்டாடுகிறார்.

உடனே இரண்டு பக்கத்தையும் இணைத்துத் தரும் ஹைப்ரிட் விசார்டை மறுபடி ஓட்டுவது நம்மிடையே ஒரு வழக்கமாகிவிட்டது. எனக்கு இதில் துளியும் உடன்பாடு இல்லை. சரியானாலும் எது கெட்டிருந்தது என்று தெரியாது. அடுத்த மாதம் அதே கோடு திரும்ப வந்து நிற்கும்.

யாரால் யாரைப் பார்க்க முடியவில்லை? இதைத்தான் முதலில் கேட்க வேண்டும். போன வருடம் நாங்கள் இரண்டு நாள் காலண்டர் அனுமதிகளைக் குடைந்துகொண்டிருந்தோம். அப்புறம்தான் கவனித்தோம்: அலுவலக சர்வரில் இருப்பவர்களுக்கு கிளவுட் ஆட்களின் நேரம் ஒழுங்காகத் தெரிகிறது, கிளவுடில் இருப்பவர்களுக்குத்தான் இந்தப் பக்கம் தெரியவில்லை. அப்படியானால் கோளாறு உள்ளே வரும் பாதையில். வரும் வெப் கோரிக்கைகளைப் பதியும் சர்வரின் ஐஐஎஸ் லாகைத் திறந்தால், கிளவுடிலிருந்து ஒரு கோரிக்கைகூட வந்து சேரவில்லை. புதிதாக வைத்த ஃபயர்வால் வாசலிலேயே லாகின் கேட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறது. கிளவுட் பாஸ்வேர்டோடு வருவதில்லை, டோக்கன் என்ற டிஜிட்டல் அனுமதிச் சீட்டோடு வருகிறது. அதைச் சரிபார்க்க வேண்டியது எக்ஸ்சேஞ்ச். சர்வர் முகவரியைக் கண்டறியும் ஆட்டோடிஸ்கவர், காலண்டர் தகவலைக் கேட்டு வாங்கும் இடபிள்யூஎஸ் (EWS) இரண்டு பாதைகளுக்கும் அந்த முன்சோதனையை நீக்கினோம். கோடுகள் மறைந்தன.

திசை தலைகீழாக இருந்தால் தேட வேண்டிய இடமும் வேறு. சர்வரால் வெளியே போக முடிகிறதா, கிளவுடில் இருக்கும் அந்தப் பயனரின் டார்கெட் அட்ரஸ் (கோரிக்கையை கிளவுடுக்குத் திருப்பும் முகவரி) சரியா என்று பாருங்கள். 2025-இல் மைக்ரோசாஃப்ட், அலுவலக சர்வரும் கிளவுடும் பகிர்ந்துகொண்ட பழைய பொது அடையாளத்தில் வரும் கோரிக்கைகளைத் தடுக்கத் தொடங்கியது. அதற்குப் பதிலாகத் தங்களுக்கென தனி அடையாளம் தரும் ஹைப்ரிட் ஆப் அமைக்காத இடங்களில் இந்தத் திசைதான் அடிபடும். ஒரே ஒருவரின் காலண்டர் மட்டும் தெரியவில்லையென்றால் அவருடைய டிஃபால்ட் அனுமதியைப் பாருங்கள், யாரோ 'நன்' (None, அனுமதி இல்லை) என்று மாற்றியிருக்கலாம். சர்வர் கடிகாரம் சில நிமிடங்கள் தள்ளிப்போனாலும் டோக்கன் செல்லாது.

ஹெல்ப்டெஸ்க் நண்பர்களே, 'காலண்டர் வேலை செய்யவில்லை' என்று மட்டும் டிக்கெட் எழுதாதீர்கள். பார்த்தவர் யார், யாருடைய காலண்டரைப் பார்த்தார், இருவரின் மெயில்பாக்ஸும் எங்கே இருக்கிறது, இவ்வளவையும் கேட்டு எழுதிவிடுங்கள்.