அந்த "நாலு மலைக் கிராமத்தில்" ஒன்று என் அத்தை ஊர்

நேற்று இரவு டிவியில் அலைக்கற்றை ஏலம் (செல்போன் சிக்னலைச் சுமந்து வரும் வானலைகளை நிறுவனங்களுக்கு அரசு விற்கிற ஏலம்) பற்றி நடந்த விவாதத்தைப் பார்த்தவர்களுக்கு நான் எதைப் பற்றி எழுதுகிறேன் என்று தெரியும். பார்க்காதவர்களுக்காக அந்த வீடியோவை இங்கே போட எனக்கு மனமில்லை. "ஏலத்தில் வர்ற ஒவ்வொரு ரூபாயும் மக்கள் பணம். நாலு மலைக் கிராமத்துக்கு டவர் வரணும்னு அதை விட்டுக்கொடுக்க முடியுமா?" என்று கேட்டார் அந்த நிபுணர். நெறியாளர் தலையாட்டினார். சுற்றி இருந்தவர்களில் ஒருவர்கூட மறுத்துப் பேசவில்லை. காலையில் அதைப் பற்றி நான் எழுதிய ஐந்து வரிக்குக் கீழே வந்து விழுந்ததெல்லாம் ஒரே கேள்வி: "அப்ப 2ஜி மாதிரி சும்மா தூக்கிக் கொடுத்துடலாமா?" அதனால்தான் இந்த நீளமான பதிவு.

நான் சொல்வது ஒன்றே ஒன்று. அலைக்கற்றையை எவ்வளவுக்கு விற்றோம் என்பது கணக்கில் பாதி. அது எந்தெந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தது என்பது மீதிப் பாதி. அந்த மீதிப் பாதியை நாம் யாருமே கேட்பதில்லை.

நிலக்கரியை இன்று வெட்டாவிட்டால் நாளை வெட்டலாம். மண்ணுக்குள் அப்படியே இருக்கும். அலைக்கற்றை அப்படியில்லை. இன்றைக்கு யாரும் பயன்படுத்தாமல் விட்ட அலை, கடலில் கலந்த ஆற்றுத் தண்ணீர் மாதிரி. நாளைக்கு வேறு தண்ணீர் வரும், ஆனால் நேற்றையது போனது போனதுதான். நல்ல விலை வரட்டும் என்று ஒரு வருடம் பூட்டி வைத்தால் அந்த ஒரு வருடம் அரசுக்கும் பணமில்லை, மக்களுக்கும் சிக்னல் இல்லை.

இது கற்பனைக் கணக்கு இல்லை. 700 மெகாஹெர்ட்ஸ் என்று ஒரு அலைவரிசை இருக்கிறது. அலைவரிசை எண் குறையக் குறைய அலை தூரம் போகும், சுவரைத் துளைக்கும், மேடு பள்ளத்தைச் சமாளிக்கும். அதே பரப்பை மூடக் குறைவான டவர் போதும். கிராமத்துக்கும் மலைக்கும் மிகவும் பொருத்தமானது. 2016 ஏலத்தில் இதற்கு அரசு வைத்த அடிப்படை விலை ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு 11,485 கோடி ரூபாய். ஒருவரும் கை தூக்கவில்லை. 2021 ஏலத்தில் 6,568 கோடிக்கு இறக்கினார்கள். அப்போதும் ஆளில்லை. 2022இல் 3,927 கோடிக்கு வந்தபோதுதான் ஜியோ 10 மெகாஹெர்ட்ஸ் வாங்கியது. முதலில் சொன்ன விலையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். நடுவில் போன ஆறு வருடத்தை யார் திருப்பிக் கொடுப்பார்கள்? அந்த ஆறு வருடத்தில்தான் கொரோனா வந்தது. பிள்ளைகள் ஆன்லைன் வகுப்புக்காகத் தண்ணீர்த் தொட்டி மேலும் மரக்கிளை மேலும் ஏறி உட்கார்ந்தார்கள். மறந்துவிட்டோமா?

என் அத்தை வாக்கப்பட்டது கல்வராயன் மலையில் ஒரு சின்ன ஊரில். ஊரிலிருந்து இரண்டு கிலோமீட்டர் இறங்கினால் ஒரு பாறை இருக்கிறது. அதற்கு டவர் பாறை என்று பெயர். அங்கே டவர் கிடையாது. அந்தப் பாறை மேல் ஏறி நின்றால் கீழே சமவெளியில் இருக்கிற டவரிலிருந்து இரண்டு கோடு வரும், அதனால் அந்தப் பெயர். கல்யாணச் சேதி, சாவுச் சேதி, ஸ்கூல் மார்க், பேங்க் ஓடிபி, எல்லாம் அந்தப் பாறையில்தான்.

2018 ஐப்பசி. மாமாவுக்கு ராத்திரி பதினொரு மணிக்கு நெஞ்சு வலி. அத்தை மகன் மழையில் டார்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு அந்தப் பாறைக்கு ஓடினான். வழுக்கி விழுந்து, எழுந்து, ஏறி, மூன்றாவது தடவைதான் லைன் கிடைத்தது. ஆம்புலன்ஸ் கிளம்பி வரும் என்று சொன்னார்கள். வந்ததும் வந்தது. அதற்குள் மாமா போய்விட்டார். அவருக்கு அறுபத்தோரு வயது.

"அலைவரிசையை மலிவா வித்திருந்தா மட்டும் உன் மாமா பிழைச்சிருப்பாரா?" என்று கேட்கப் போகிறீர்கள். ஒருவர் ஏற்கெனவே இன்பாக்ஸில் கேட்டுவிட்டார். பிழைத்திருப்பார் என்று நான் சொல்லவே இல்லை. மலையேறப் பொருத்தமான அந்த அலை 2018இல் யாருக்கும் பயனில்லாமல் தூங்கிக் கொண்டிருந்தது என்று சொல்கிறேன். அவ்வளவுதான். அது தூங்கியதற்குக் காரணம், குறைத்துக் கொடுத்தால் நாளைக்கு ஊழல் என்பார்களோ என்ற பயம்.

அந்தப் பயத்தின் வேர் எது என்று நமக்குத் தெரியும். தமிழ்நாட்டில் அலைக்கற்றை என்ற சொல்லே ஊழல் என்ற சொல்லின் கையைப் பிடித்துக்கொண்டுதான் வீட்டுக்குள் வந்தது. 2ஜியை நான் நியாயப்படுத்தவில்லை, கொட்டை எழுத்தில் படித்துக்கொள்ளுங்கள். 2008இல் செல்போன் நிறுவனங்களுக்கு 2001ஆம் ஆண்டு விலைக்கு உரிமம் கொடுத்தார்கள். விண்ணப்பத்துக்கான கடைசித் தேதியைப் பின்னோக்கி இழுத்தார்கள். முதலில் வந்தவருக்கு முதலில் என்று சொல்லிவிட்டு அந்த வரிசையையும் மாற்றினார்கள். 2012 பிப்ரவரி 2ஆம் தேதி உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்தது சரி. 2017 டிசம்பரில் சிறப்பு நீதிமன்றம் குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று, குற்றம் சாட்டப்பட்ட எல்லோரையும் விடுவித்தது வேறு விஷயம்.

ஆனால் நம் மண்டையில் தங்கியது என்ன? அரசுக்கு நஷ்டம் 1.76 லட்சம் கோடி என்ற ஒரு எண். தணிக்கைத் துறை அதை 3ஜி ஏல விலையை வைத்துப் போட்டது. அதே அறிக்கையில் வேறு வழியில் போட்ட, மிகக் குறைந்த மதிப்பீடுகளும் இருந்தன. அவற்றை யாருக்கும் ஞாபகம் இல்லை. உரிமம் ரத்தான பிறகு 2012 நவம்பரில் ஏலம் விட்டபோது வந்தது 9,407 கோடி. டெல்லிக்கும் மும்பைக்கும்கூட யாரும் கேட்கவில்லை. நஷ்டம் நடக்கவில்லை என்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரு பெரிய எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு பதினைந்து வருடமாகக் கொள்கை வகுத்துக் கொண்டிருக்கிறோமே, அந்த வேதனையில் சொல்கிறேன்.

ஏலம்தான் அரசியல் சாசனம் சொன்ன ஒரே வழி என்று எழுதிய வழக்கறிஞர் நண்பருக்கு: குடியரசுத் தலைவர் கேட்ட கேள்விக்கு, எல்லா இயற்கை வளத்துக்கும் ஏலம் மட்டுமே வழி என்பதில்லை என்று 2012 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வே பதில் சொல்லியிருக்கிறது. வானலை பொதுச் சொத்து என்று 1995இல் சொன்னதும் இதே நீதிமன்றம்தான். பொதுச் சொத்து என்றால் பொதுமக்களுக்குப் பயன்பட வேண்டிய சொத்து என்றே நான் புரிந்துகொள்கிறேன். அதிக விலைக்கு விற்றுவிட்டால் மட்டும் அந்தக் கடமை முடிந்துவிடுமா?

அந்த விலையாவது முழுதாகக் கைக்கு வருகிறதா? 2022 ஏலத்தில் ஒன்றரை லட்சம் கோடி என்று தலைப்புச் செய்தி போட்டார்கள். அது இருபது வருடத் தவணை. அரசுக்குத் தர வேண்டிய பழைய பாக்கிகளைக் கட்ட முடியாமல் வோடஃபோன் ஐடியா தள்ளாட, அந்தப் பாக்கியைப் பங்காக மாற்றி மாற்றி இன்று அரசே அதில் சுமார் 49 சதவீதத்துக்குச் சொந்தக்காரர். 2024 ஜூனில் 96,000 கோடிக்கு மேல் அடிப்படை விலை போட்டு ஏலம் வைத்தார்கள். இரண்டே நாளில் முடிந்தது, வந்தது 11,340 கோடி. அடுத்த வாரமே மூன்று தனியார் நிறுவனங்களும் ரீசார்ஜ் கட்டணத்தை ஏற்றின. ஏலத் தொகை பழைய செலவு, அது கட்டணத்தை ஏற்றாது என்று பாடப் புத்தகம் சொல்லலாம். மாதக் கடைசியில் ரீசார்ஜ் கடையில் நிற்கிற எனக்கு அந்தச் சமாதானம் போதவில்லை.

வேறு வழியே இல்லையா? பிரான்சில் 2018 ஜனவரியில் செய்தார்கள். உரிமக் காலம் முடியப் போகிற அலைகளை மறுபடி ஏலம் விடாமல், அதே நிறுவனங்களுக்குப் பத்து வருடம் நீட்டித்துக் கொடுத்தார்கள். பதிலுக்கு, சிக்னல் இல்லாத ஆயிரக்கணக்கான இடங்களுக்கு 4ஜி கொண்டுபோக வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். வரக்கூடிய ஏலப் பணத்தை விட்டார்கள், டவரைக் கேட்டு வாங்கினார்கள். இங்கே இப்படி ஒன்றைச் சொன்னால் நம்மை யாருடைய ஏஜென்ட் என்று கேட்கிறார்கள்.

"அப்ப சாட்டிலைட்காரனுக்கு ஏலம் இல்லாம கொடுக்கிறதும் சரியா?" சாட்டிலைட் வழியே நேரடியாக இணையம் தருகிற நிறுவனங்களைச் சொல்கிறார்கள். சரி, இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஒரே சாட்டிலைட் அலையைப் பல நிறுவனங்கள் பகிர்ந்து பயன்படுத்த முடியும் என்பதால் அதற்கு ஏலம் பொருந்தாது என்கிற வாதம் எனக்கு ஒப்புதல்தான். 2023 தொலைத்தொடர்புச் சட்டமும் அப்படித்தான் வைத்திருக்கிறது. வருவாயில் 4 சதவீதம், நகர்ப்புறச் சந்தாதாரருக்கு வருடம் 500 ரூபாய் கூடுதல் என்று அந்த அலைக்கான கட்டணத்தை 2025இல் டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) பரிந்துரைத்ததில் கிராமத்துப் பக்கம் கொஞ்சம் சாய்வு தெரிகிறது. ஆனாலும் சாட்டிலைட் சிக்னலைப் பிடிக்க வீட்டில் வைக்கிற அந்தத் தட்டை வாங்க என் அத்தையால் முடியாது. அவளுக்கு வேண்டியது கையில் இருக்கிற பட்டன் போனில் ஒரு கோடு.

என்னைக் கட்சிக்காரன் என்கிறார்கள், பரவாயில்லை. என் அப்பா தொலைபேசித் துறையில் லைன்மேன். கம்பிச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு மலையேறியவர். அத்தை ஊருக்கு முதல் போன் அவர் காலத்தில்தான் வந்தது. ஊருக்கே ஒரு போன், கடைக்காரர் வீட்டில். அந்தக் கம்பி இழுத்ததில் எவ்வளவு வருமானம் வரும் என்று அன்று யாராவது கணக்குப் பார்த்திருந்தால் அதுகூட வந்திருக்காது. நேற்று அந்த மனிதர் "நாலு மலைக் கிராமம்" என்று விரலை மடக்கிக் காட்டியபோது அப்பா டிவியை அணைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். எதுவும் பேசவில்லை. ராத்திரி சாப்பிடவும் இல்லை. நான் இதை எழுதுவதற்கு உண்மையான காரணம் அதுதான்.

அத்தை இன்னும் அதே ஊரில்தான் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கோலை ஊன்றிக்கொண்டு டவர் பாறைக்கு வந்துதான் என்னிடம் பேசுவாள். போன வாரமும் பேசினாள். "மழை இருட்டிக்கிட்டு வருது சாமி, பாறை வழுக்கும், இறங்குறேன்" என்று பாதியில் வைத்துவிட்டாள்.