நாற்காலியை கொஞ்சம் நகத்திப் போடுங்க

வீட்டுல சந்தோஷமா இருக்கணும்னா புதுசா எதையாவது வாங்கி வைக்கணும்ங்கற நினைப்பு எப்படியோ எல்லார் மண்டையிலயும் ஏறி உக்காந்துருச்சு. ரீல்ஸைத் தொறந்தா ஒரே ஹோம் டெக்கர், புது சோபா, செவுத்துல தொங்கற விளக்கு, அதையெல்லாம் பாத்துட்டு தலையத் தூக்கி நம்ம ஹாலைப் பாத்தா பாவமா இருக்கு. எனக்கு இதுல சுத்தமா உடன்பாடு இல்ல. வாங்கி வச்ச பொருள் கொஞ்ச நாள்ல கண்ணுல படறதே நின்னுடும், சைக்காலஜில இதுக்கு ஹெடோனிக் அடாப்டேஷன்னு பேரு வேற வச்சிருக்காங்க. சலிக்காம இருக்கறது எதுன்னு பாத்தா வீட்டுக்குள்ள தானா மாறிட்டே இருக்கற விஷயங்கதான், வெளிச்சம், காத்து, சத்தம், வாசனை. இதுக்கெல்லாம் யாரும் விளம்பரம் போட மாட்டாங்க, அதனால நாமளும் கவனிக்கறதில்ல.

வெளிச்சத்தையே எடுத்துக்குங்க. பூமி சுமார் 23.5 டிகிரி சாஞ்சு சுத்தறதால ஜன்னல் வழியா வர்ற வெயில் வருஷம் பூரா ஒரே இடத்துல விழாது, தரையில வெயிலோட ஓரத்துல பென்சிலால ஒரு கோடு போட்டு வச்சுட்டு அடுத்த மாசம் அதே நேரத்துக்குப் பாருங்க, கோடு ஒரு பக்கம் வெயில் ஒரு பக்கம் இருக்கும். இன்னொண்ணு, ஸ்க்ரீன் துணியில எங்கயாவது பொத்தல் இருந்து அது வழியா வெயில் தூரத்துல விழுந்தா, பொத்தல் சதுரமா இருந்தாலும் கோணலா இருந்தாலும் விழற பொட்டு மட்டும் உருண்டையா இருக்கும். ஏன்னா அது பொத்தலோட வடிவம் இல்ல, சூரியனோட படம்! பாதி கிரகணம் நடக்கும்போது அதே பொட்டு பிறை மாதிரி ஆயிடும்.

இதே சங்கதியைப் பெருசா பண்ணலாம். நல்ல வெயில் நேரத்துல ஒரு ரூம் ஜன்னலை கறுப்பு அட்டையால இண்டு இடுக்கு இல்லாம அடைச்சு, நடுவுல ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு ஓட்டை போட்டு, கண்ணு இருட்டுக்குப் பழகற வரைக்கும் சும்மா உக்காந்திருங்க. எதிர் செவுத்துல தெரு தலைகீழா ஓடும், கலரோட! கேமரா அப்ஸ்குராங்கறது இதுதான், ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே இப்னு அல்-ஹைதம்ங்கற அரபு விஞ்ஞானி இதைப் பத்தி எழுதியிருக்கார். வெளிச்சம் நேர்கோட்டுல போறதால மேல இருக்கறது கீழயும் கீழ இருக்கறது மேலயும் வந்து விழுது, அவ்ளோதான். குழந்தைங்க இருந்தா ஓட்டை வழியா சூரியனை நேரா பாக்க விடாதீங்க, அது ரொம்ப முக்கியம்.

ராத்திரில வேற கதை. பளீர்னு வெள்ளையா இருக்கற 6500 கெல்வின் (வெளிச்சத்தோட நிறத்தைச் சொல்ற அளவு) ட்யூப்லைட்டை அணைச்சுட்டு மூலையில கீழ்மட்டமா ஒரு 2700 கெல்வின் மஞ்ச பல்பு மட்டும் போட்டா அதே ரூம் வேற வீடாயிடும். (சரி, இது ஒண்ணு மட்டும் வாங்கற சமாச்சாரம்தான்.) போன்ல பாட்டு சத்தம் பத்தலன்னா காலி கப்புக்குள்ள போனை எறக்கி வைங்க, ஸ்பீக்கர் இருக்கற பக்கம் உள்ள போகணும். பாத்ரூம்ல நம்ம குரல் திடீர்னு நல்லா இருக்கறதுக்கும் திறமை காரணம் இல்ல, டைல்ஸ் சத்தத்தை உள்ள இழுக்காம திருப்பி அடிக்குது, பாடறவங்க கோச்சுக்காதீங்க.

ஆனா எல்லாத்தையும் விட பெரிய வித்தியாசம் நாம உக்கார்ற இடத்துலதான்னு நான் அடிச்சு சொல்வேன். 1984ல ரோஜர் உல்ரிச்ங்கறவர் ஒரு ஆய்வு வெளியிட்டார், பித்தப்பை ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்கள்ல ஜன்னல் வழியா மரம் தெரிஞ்ச ரூம்ல இருந்தவங்க, செங்கல் சுவர் தெரிஞ்ச ரூம்ல இருந்தவங்களை விட சீக்கிரமா வீட்டுக்குப் போயிருக்காங்க, கடுமையான வலி மருந்தும் கம்மியாதான் தேவைப்பட்டிருக்கு. சின்ன ஆய்வுதான், அதை வச்சு மரம் பாத்தா நோய் போயிடும்னு ஃபார்வர்ட் பண்ணிடாதீங்க. ஆனா நம்ம வீட்டுல எல்லா நாற்காலியும் டிவி பக்கம் முகத்தைத் திருப்பி வச்சிருக்கோமே, அது யாரு போட்ட சட்டம்? ஒண்ணே ஒண்ணை ஜன்னலைப் பாக்கற மாதிரி திருப்பிப் போடுங்க. நடக்கற வழியில கெடக்குதுன்னு வீட்டுல திட்டுவாங்க, திட்டட்டும், ரெண்டாம் நாள் திட்டினவங்களே அதுல உக்காந்திருப்பாங்க, அப்புறம் நமக்கு இடம் கெடைக்காது.